முதல் ஆர்மோனியம்: பழசா, புதுசா?

பங்குனி பிறந்துவிட்டால் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏதாவது ஒரு பொட்டலில் நாடக மேடை எழும்பிவிடும். ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய நடக்கும். நடிகர்கள் வருவதற்கு முன்னால், மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பின்பாட்டுக்காரர் ஆர்மோனியத்தில் விரலை வைப்பார். அந்த முதல் சத்தத்துக்கே டீக்கடையில் நிற்கிற கூட்டம் கிளாஸைக் கையில் பிடித்தபடி மேடைப் பக்கம் நகரும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் பாலர் நாடக சபை தொடங்கிய காலத்துக்கும் முந்தியது இந்தப் பழக்கம். இன்றும் விட்டுப்போகவில்லை.

அந்தச் சத்தம் காதில் ஒட்டிக்கொண்டு, "நானும் ஒரு பெட்டி வாங்கிக் கத்துக்கணும்" என்று வருகிறவர்கள் நிறையப் பேர். கல்லூரிப் பையன்கள், பஜனை மடத்துக்குப் போகும் அக்காமார், தேவாலயத்தில் பாடுகிறவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான். பழைய பெட்டி வாங்கலாமா, புதுசு வாங்கலாமா?

என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். பழசோ புதுசோ, காற்றை ஒழுகவிடாத பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். மரம், பாலிஷ், ஊர்ப் பெயர், எத்தனை ரீட் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரிய வேண்டுமானால் பெட்டியைக் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஆர்மோனியத்துக்குள் தந்தியும் கிடையாது, மேளம் மாதிரித் தோலும் கிடையாது, புல்லாங்குழல் மாதிரிக் குழலும் கிடையாது. விரல் வைத்து அமுக்கும் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சின்னப் பித்தளைத் தகடு. தகட்டின் நடுவில் நீளவாக்கில் ஒரு துளை. துளைக்கு மேலே மெல்லிய பித்தளை நாக்கு ஒன்று; ஒரு முனையை மட்டும் தகட்டோடு பிடித்திருப்பார்கள், மறு முனை சும்மா நிற்கும். இதைத்தான் ரீட் என்கிறோம். கட்டையை அமுக்கினால் காற்றுக்கு வழி திறக்கும். காற்று துளைக்குள் புகும்போது நாக்கு உள்ளே போய்ப் போய் வந்து துடிக்கும். காதில் விழுவது அந்தத் துடிப்புதான். நீளமான நாக்கு மெதுவாகத் துடிக்கும், சுரம் தாழ்ந்திருக்கும். குட்டை நாக்கு வேகமாகத் துடிக்கும், சுரம் ஏறியிருக்கும். நடு ஸ்தாயியில் ஆறாம் கட்டைக்கு (கட்டையை எண்ணும் முறையைப் பின்னால் சொல்கிறேன்) நொடிக்கு 440 துடிப்பு என்பது இன்று உலகம் முழுக்க வைத்திருக்கும் கணக்கு.

மௌத் ஆர்கன், அக்கார்டியன், கன்சர்டினா எல்லாமே இந்தக் குடும்பம்தான். கன்சர்டினா நம் ஊரில் அதிகம் பார்க்கக் கிடைக்காத கருவி. கைக்கு அடக்கமான ஆறு பக்கப் பெட்டி, நடுவில் துருத்தி, இரண்டு பக்கமும் பொத்தான்கள். பிளஸ் டூ இயற்பியலில் வீட்ஸ்டோன் சமனச்சுற்று படித்திருப்பீர்கள். அதே சார்லஸ் வீட்ஸ்டோன்தான் ஆங்கிலக் கன்சர்டினாவை உண்டாக்கியவர். அதற்கு அடிப்படையான காப்புரிமையை 1829இல் வாங்கினார். இசைக்கருவி செய்து விற்கும் குடும்பத்துப் பிள்ளை அவர். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த ஒரு பெயர் இந்தப் பக்கம் வந்து நின்றதில் எனக்கு இன்றும் சந்தோஷம்.

ஆர்மோனியம் பாரிஸில் பிறந்தது. அலெக்சாந்தர் தெபான் 1840களின் தொடக்கத்தில் அந்தப் பெயரில் பதிவு செய்த கருவி, மேசை மாதிரி நின்று காலால் மிதிக்கப்படுவது. அது கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் வைத்து, ஒரு கையால் துருத்தி போட்டு மறு கையால் வாசிக்கும் பெட்டியாக்கினார். நம் நாடக மேடையில் காலால் மிதிக்கும் பெட்டியும் தங்கிவிட்டது. அதில் இரண்டு கையும் வாசிக்கக் கிடைக்கும். ஆனால் முதல் பெட்டி வாங்குகிறவருக்குக் கைப்பெட்டியே போதும்.

இனி காற்று வரும் வழி. பின்பக்கம் நாம் தள்ளுகிற துருத்தி காற்றை உள்ளே அனுப்புகிறது. பெட்டியின் அடியில் நம் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு துருத்தி இருக்கிறது. அது ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் காற்றைப் பிடித்துவைத்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் ரீடுகளுக்குக் கொடுக்கும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் ஒரே சீராக வருவது தொட்டி இருப்பதால்தான். தொட்டியில் கீறல் விழுந்தால் மோட்டார் நாள் முழுக்க ஓடினாலும் குழாயில் சொட்டுத்தான் விழும்.

இது எனக்கே நடந்தது. நான் முதலில் வாங்கியது பளபளவென்ற முகப்பும் வெள்ளை வெளேரென்ற கட்டைகளும் கொண்ட பெட்டி. கடையில் வைத்துக் கடைக்காரர் இரண்டு நிமிடம் வாசித்துக் காட்டினார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து உட்கார்ந்தால் ஒரு நீண்ட சா பிடிக்க முடியவில்லை. இழுக்க இழுக்க இடையில் அறுந்துவிடும். இடது தோள்பட்டை கனக்கும். எனக்குக் கை வரவில்லை என்றே நம்பி ஆறு மாதம் பெட்டியை மூடி வைத்துவிட்டேன்.

அப்புறம் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு திருவிழாவில் பழக்கமான பின்பாட்டுக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தபோது பெட்டியைக் காட்டினேன். அவர் வாசிக்கவே இல்லை. புறங்கையைத் தண்ணீரில் நனைத்து, துருத்தியைத் தள்ளிக்கொண்டே மடிப்பு மடிப்பாகக் கையை நகர்த்தினார். மூலையில் வந்ததும் நிறுத்தி என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். ஈரத்தில் சில்லென்று காற்று பட்டது.

"தம்பி, உங்க கையில கோளாறு இல்ல. பெட்டியில காத்து நிக்கல" என்றார்.

"புதுப் பெட்டிண்ணே" என்றேன்.

"புதுசுன்னா ஒழுகாதா?" என்றார்.

மெல்லிய தோல் துண்டு ஒன்றை வெட்டி ஒட்டி, ஒரு நாள் காயவைத்துக் கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலம் பிடித்த சா இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. கற்றுக்கொள்கிறவருக்கு எது கருவியின் குறை, எது தன் குறை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆகவே குறையுள்ள பெட்டியை வாசிப்பில் தேர்ந்தவர் கையில் கொடுக்கலாம், தொடங்குகிறவர் கையில் கொடுக்கக் கூடாது. "கத்துக்கத்தானே, மட்டமான பெட்டி போதும்" என்று சொல்கிறவர்கள் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

உங்கள் கட்டை எது?

கடைக்குப் போவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது இது. ஆர்மோனியத்தில் விரல் வைக்கும் ஒவ்வொரு விசையும் ஒரு கட்டை. மேற்கத்திய முறையில் சி என்று சொல்லும் வெள்ளைக் கட்டையிலிருந்து எண்ண வேண்டும்: ஒன்று, இரண்டு என்று ஏழு வெள்ளைக் கட்டைகள். நடுவில் வரும் கறுப்புக் கட்டைகளுக்கு அரை: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லை, அதனால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. ஏழு முடிந்து எட்டாவது, மறுபடி மேல் ஸ்தாயி சி. ஊரில் ஒருவர் உச்சத்தில் பாடினால் "எட்டுக் கட்டைத் தொண்டை" என்கிறோமே, அது இந்தக் கணக்கில் வருவதுதான்.

உங்கள் சா எந்தக் கட்டையில் வசதியாக நிற்கிறது என்று பாருங்கள். கீழே மந்தர பஞ்சமம், அதாவது கீழ் ஸ்தாயி பா வரை இறங்க வேண்டும், மேலே தார காந்தாரம், அதாவது மேல் ஸ்தாயி கா வரை கத்தாமல் ஏற வேண்டும். ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள் வரும், பெண்களுக்கு நாலரை முதல் ஆறுக்குள். மைக் இல்லாத காலத்து நாடகத்தில் ஆண் நடிகர்களும் நாலரை, ஐந்து கட்டையில் பாடினார்கள். கடைசி வரிசையில் பாய் விரித்திருப்பவருக்கும் கேட்க வேண்டுமே. இன்று நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தொண்டையை வருத்தாத கட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைகளில் அதிகம் கிடைப்பது 39 கட்டை உள்ள பெட்டி, அதாவது மூன்றே கால் ஸ்தாயி. 42 கட்டைப் பெட்டியும் உண்டு. எந்தச் சுருதியில் பாடினாலும் 39 போதும்.

அடுத்தது ரீட் வரிசை. சிங்கிள் ரீட் என்றால் ஒரு கட்டைக்கு ஒரு ரீட். டபுள் ரீட் என்றால் இரண்டு, பெரும்பாலும் ஒன்றுக்கொன்று ஒரு ஸ்தாயி தள்ளி. கீழ் ஸ்தாயி ரீட் சேர்ந்ததும் சத்தத்துக்கு ஒரு கனம் வரும். மூன்று வரிசையும் உண்டு. வரிசை கூடக் கூடக் காற்றும் கூடுதலாக வேண்டும், துருத்தி போடும் கைக்கு வேலையும் கூடும். தொடங்குகிறவருக்கு டபுள் ரீட் சரியாக இருக்கும். அதிலேயே 39 கட்டைக்கு 78 ரீட் ஆயிற்று. 78 நாக்கும் சுருதியில் நிற்க வேண்டும் என்பதை மனதில் வையுங்கள், பின்னால் உதவும்.

ஸ்கேல் சேஞ்சர் என்று ஒரு வசதியைக் காட்டி விலை கூட்டுவார்கள். கட்டை வரிசையே இடம் வலமாக நகரும். விரல் போடும் இடத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கப்ளர் என்றால் ஒரு கட்டையை அமுக்கும்போது அடுத்த ஸ்தாயிக் கட்டையும் தானாக இறங்கும். இரண்டும் நல்ல ஏற்பாடுதான், ஆனால் முதல் பெட்டிக்கு வேண்டாம் என்பது என் கருத்து. நகரும் பாகம் கூடினால் காற்று கசியும் இடமும் கூடும், பழுது பார்ப்பதும் சிரமம். இன்னொரு காரணமும் உண்டு. நாடகத்தில் நாயகன் வேடம் போடும் ராஜபார்ட் ஒரு கட்டையில் பாடுவார், நாயகி வேடம் போடும் ஸ்திரீபார்ட் வேறு கட்டையில் பாடுவார். பின்பாட்டுக்காரர் ஒரு வசனம் முடிவதற்குள் விரலாலேயே சுருதி மாற்றிவிடுவார். அந்த வித்தை கையில் வர வேண்டுமானால் முதல் வருடம் ஸ்கேல் சேஞ்சர் இல்லாமல் பழகுவதே நல்லது.

பழைய பெட்டி தேடும்போது

பழைய பெட்டிகள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. நன்றாகக் காய்ந்த தேக்கில் செய்தவை நம் ஊர் வெயிலுக்குப் பழகியிருக்கும். அந்தக் காலத்தில் ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் ரீட் இறக்குமதி ஆனது; அப்படிப்பட்ட ரீட் உள்ள பெட்டி, மெல்லக் காற்று விட்டாலே பேசும். ஆனால் "ஜெர்மன் ரீட்" என்ற சொல்லை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் தகட்டில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நீங்கள் கேட்டு வாங்கப் போவது சத்தத்தை.

எங்கே தேடுவது? நாடகக்காரர்கள் வீடுகள், பஜனை மடங்கள், பழைய தேவாலயங்கள், பாட்டு வாத்தியார் வீட்டுப் பரண். மாசி முதல் ஆடி வரை நாடகக்காரர்களுக்குத் திருவிழாக் காலம், யாரையும் வீட்டில் பிடிக்க முடியாது. புரட்டாசி, ஐப்பசியில் போனால் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். பெட்டி வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பழுது பார்க்கத் தெரிந்தவர் என்றால் இன்னும் நல்லது. அவருக்குப் பஸ் செலவும் சாப்பாடும் கொடுத்து, கையில் ஒரு தொகையும் வைத்துக் கொடுப்பதுதான் மரியாதை. விற்கிற வீட்டிலும் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். அந்தப் பெட்டி இரண்டு தலைமுறைக்குச் சோறு போட்டிருக்கும். சில வீடுகளில் விலை பேசி முடித்தபிறகும் பெட்டிக்கு விபூதி பூசி ஒரு முறை தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் தூக்கிக் கொடுப்பார்கள். அங்கே போய், "இது பழைய சாமான்தானே" என்று பேரம் பேசக் கூடாது.

பெட்டி முன்னால் உட்கார்ந்ததும் யாரையும் வாசிக்கச் சொல்லாதீர்கள். நல்ல கைக்காரர் வாசித்தால் குறையெல்லாம் மறைந்துவிடும், நானே அப்படித்தான் மயங்கினேன். முதலில் முன்பக்கத்து ஸ்டாப்புகளை, அதாவது இழுத்து மூடும் குமிழ்களை, எல்லாவற்றையும் மூடிவிட்டுத் துருத்தியை மெதுவாகப் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் துருத்தி நிறைந்து கைக்கு இறுக வேண்டும். இறுகாமல் போய்க்கொண்டே இருந்தாலோ, உஸ் என்று எங்காவது கேட்டாலோ ஒழுக்கு இருக்கிறது. நனைந்த புறங்கை வைத்தியம் இங்கே உதவும்.

அடுத்து ஸ்டாப்புகளைத் திறந்து, ஒரு கட்டையையும் தொடாமல் துருத்தி போடுங்கள். அமைதியாக இருக்க வேண்டும். எங்கிருந்தாவது ஒரு சுரம் தானாக முனகினால், அந்தக் கட்டைக்குக் கீழே உள்ள மூடி சரியாக உட்காரவில்லை என்று பொருள். மரம் வளைந்திருக்கலாம், மூடியில் ஒட்டியிருக்கும் கம்பளித் துணியை அந்துப்பூச்சி அரித்திருக்கலாம், வெறும் தூசியாகவும் இருக்கலாம். ஒன்றிரண்டு என்றால் சரிசெய்துவிடலாம். பத்துக் கட்டை முனகினால் அந்தப் பெட்டிக்குப் பெரிய வேலை இருக்கிறது.

பிறகு நடுவில் ஒரு கட்டையை மட்டும் அமுக்கி, உள் துருத்தியை முழுக்க நிரப்பிக் கையை எடுத்துவிட்டு எண்ணுங்கள். ஒரு ரீட் வரிசை மட்டும் திறந்திருக்கும்போது, நிதானமாகப் பத்து எண்ணும் வரை சுரம் தளராமல் நிற்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. நல்ல பெட்டி இருபதைத் தாண்டும். ஐந்துக்குள் அணைந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு கட்டைகளை ஒவ்வொன்றாக, கீழிருந்து மேல் வரை, கறுப்பையும் விடாமல் அமுக்குங்கள். முதலில் மெல்லிய காற்றில், அப்புறம் பலமான காற்றில். எந்தக் கட்டை தாமதமாகப் பேசுகிறது, எது கரகரக்கிறது, எது பேசவே இல்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கரகரப்பு பெரும்பாலும் ரீடுக்குள் சிக்கிய தூசியாக இருக்கும், எடுத்தால் போய்விடும். பேசாத ரீடின் நாக்கு ஒடிந்திருக்கலாம். மாற்று ரீட் போட்டு, அதைப் பக்கத்து ரீடோடு இழைய வைக்க வேண்டும்.

மேல்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். மூக்கை உள்ளே விட்டுப் பாருங்கள். எலி வாசம், கரையான் மண், கரப்பான் எச்சம் எல்லாம் அங்கேதான் தெரியும். கரையான் தொட்ட பெட்டியை நான் எந்த விலைக்கும் வாங்கமாட்டேன். துருத்தி மடிப்பில் பிளாஸ்டிக் டேப் ஒட்டியிருந்தால் யாரோ அவசரத்துக்கு மூடியிருக்கிறார்கள், முழுத் துருத்தியையும் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பெட்டியின் சுருதி

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏமாற்றம் அதிகம் வருவது இங்கேதான்.

ஒரு கட்டையையும் அதன் மேல் ஸ்தாயிக் கட்டையையும் சேர்த்து அமுக்குங்கள். இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்து ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும். வவ்வவ் என்று அலை அடித்தால் சுருதி விலகியிருக்கிறது. 440 துடிக்க வேண்டிய ஒன்று 442 துடித்தால், அதன் கீழ் ஸ்தாயி ஜோடியோடு சேரும்போது நொடிக்கு இரண்டு அலை வரும். அலை வேகமாக இருந்தால் விலகலும் அதிகம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய சங்கீத ஞானம் தேவையில்லை, குழந்தைகள்கூடச் சொல்லிவிடுவார்கள்.

சுருதி சேர்ப்பது நாக்கைச் சுரண்டித்தான். நுனியில் சுரண்டினால் கனம் குறைந்து சுருதி ஏறும். அடியில் சுரண்டினால் நாக்கின் விறைப்பு குறைந்து சுருதி இறங்கும். எடுத்த பித்தளையைத் திரும்ப வைக்க முடியாது. பல கை பட்ட பெட்டியில் நாக்குகள் முழுக்கக் கீறலாக இருக்கும். அப்படி மெலிந்த நாக்கு சீக்கிரம் ஒடியும். 78 ரீடையும் சேர்ப்பது பொறுமையான ஆளுக்கே நாள் கணக்கில் பிடிக்கும் வேலை. ஆகவே விலையைக் கேட்கும் முன்பு, சுருதி சேர்க்க என்ன கேட்பார்கள் என்று பழுது பார்ப்பவரிடம் கேட்டுவிடுங்கள். சில பெட்டிகளுக்கு வாங்கிய விலையை விட வேலைக்கூலி கூடிவிடும்.

இன்னொன்று. பெட்டி தனக்குள் சுத்தமாகச் சேர்ந்திருந்தும் வெளியே யாரோடும் சேராமல் போகலாம். 440 என்ற கணக்கு எல்லா இடத்திலும் நிலைப்பதற்கு முன்பு, ஆங்கிலேயர் காலத்தில் 452 வரை உயர்த்திச் சுருதி வைத்த கருவிகள் உண்டு. அப்படிப்பட்ட பெட்டியின் ஆறாம் கட்டை, இன்றைய ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவில் எங்கோ நிற்கும். செல்போனில் தம்புரா செயலி ஒன்றைப் போட்டு, அதே கட்டையைப் பெட்டியில் அமுக்கிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். வீட்டில் தனியாகப் பாட மட்டும் என்றால் அந்தச் சுருதியை அப்படியே வைத்துக்கொள்ளலாம், நான் ஒரு பெட்டியை அப்படித்தான் வைத்திருக்கிறேன். புல்லாங்குழல்காரர், கீபோர்டுக்காரர் கூடச் சேர்ந்து வாசிக்க ஆசை இருந்தால் அது வேண்டாம்.

கன்சர்டினா வாங்க நினைக்கிற யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் இதே கேள்விதான். வீட்ஸ்டோன், லஷேனால் போன்ற பழைய லண்டன் பெட்டிகளிலும் இந்த உயர்ந்த சுருதி உண்டு, தோலும் துருத்தியும் இத்தனை வருடத்தில் காய்ந்திருக்கும். விலை மட்டான புதுக் கன்சர்டினாக்கள் பலவற்றில் அக்கார்டியன் ரீட் போடுகிறார்கள். பழுது பார்ப்பது அதில் சுலபம். அதோடு, ஆங்கிலக் கன்சர்டினாவில் துருத்தியை இழுத்தாலும் அமுக்கினாலும் ஒரு பொத்தானுக்கு ஒரே சுரம். ஆங்லோ வகையில் மௌத் ஆர்கன் மாதிரி இழுத்தால் ஒன்று, அமுக்கினால் வேறொன்று. எந்த வகை என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள், ஒன்றில் பழகிய கை மற்றதில் தடுமாறும்.

புதுப் பெட்டி

பக்கத்தில் பழுது பார்க்க ஆள் இல்லையென்றால் புதுசே வாங்கிவிடுங்கள். கல்கத்தா, டெல்லி, மும்பையில் செய்து வருகின்றன. குஜராத்தின் பாலிதானா ரீடுக்குப் பெயர் போன ஊர். மேலே சொன்ன சோதனைகள் புதுசுக்கும் அப்படியே பொருந்தும், ஒன்றையும் விடாதீர்கள்.

ஈரக்காற்று அடிக்கும் ஊரில் செய்த பெட்டி சித்திரை வெயிலில் மதுரைக்கு வந்தால் மரம் சுருங்கும். கட்டைகள் ஆடும், மூடிகள் விலகும். அதனால் வந்தவுடன் குறை சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டாம், குறையே இல்லை என்று கையெழுத்தும் போட வேண்டாம். சில மாதம் கழித்து ஒரு முறை சரிபார்த்துக் கொடுப்பார்களா என்று விற்பவரிடம் கேட்டு, அதை ரசீதில் எழுதி வாங்குங்கள். இணையத்தில் வாங்குவதானால் பாட்டு வாசித்த வீடியோ தேவையில்லை. ஸ்டாப்புகளை மூடித் துருத்தி போடுவதையும், ஒவ்வொரு கட்டையாக அமுக்குவதையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். நீங்கள் கற்கப் போவது கர்நாடக வாய்ப்பாட்டு மட்டும் என்றால் ஆர்மோனியமே தேவைப்படாமல் இருக்கலாம். இதில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு சுரங்கள், எல்லாம் நின்ற இடத்தில் நிற்பவை. கமகம் என்பது இரண்டு சுரங்களுக்கு நடுவில் வழுக்கிப் போவது, அந்த நடு இடம் பெட்டியில் இல்லை. தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரம் என்ற கா சுரத்துக்கும் பெட்டியின் காந்தாரத்துக்கும்கூட ஒரு சிறு வித்தியாசம் உண்டு. பெட்டியுடையது கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்து, 1971 வரை அந்தத் தடையைத் தளர்த்தாமல் இருந்ததற்கு இப்படிப்பட்ட வாதங்களும் காரணம். கர்நாடகப் பாட்டுக்குச் சுருதிப் பெட்டியோ செல்போன் தம்புராவோ போதும், பணம் மிச்சம். நாடகப் பாட்டு, பஜனை, கீர்த்தனை, சினிமாப் பாட்டு, மெட்டுப் போடுவது என்று ஆசை இருப்பவர்களுக்கு ஆர்மோனியத்தைப் போல உடனே பதில் சொல்லும் துணை வேறு இல்லை.

வாங்கி வந்த பிறகு பெட்டியை ஜன்னல் வெயில் படும் இடத்திலும், மழைக்கு ஓதம் அடிக்கும் சுவர் ஓரத்திலும் வைக்காதீர்கள். தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள், கரையான் ஏறாது. ஒரு பருத்தித் துணி போர்த்தினால் தூசி போகாது. தூக்கும்போது துருத்தியைப் பூட்டிவிட்டு அடியைப் பிடித்துத் தூக்க வேண்டும், துருத்தியைப் பிடித்துத் தூக்கினால் மடிப்பு மூலை பிரிந்துவிடும். வாரத்தில் ஒரு நாளாவது எல்லாக் கட்டைகளையும் தொட்டுவிடுங்கள். வாசிக்காத ரீடில்தான் பாசி மாதிரிப் பச்சை பிடிக்கும்.

முதல் வாரம் பாட்டு எதுவும் வேண்டாம். உங்கள் கட்டையில் சா, அதோடு பா. துருத்தியை முழுக்க இழுக்காமல் சின்னச் சின்னதாகப் போட்டு, காற்று ஏறுவதும் இறங்குவதும் சத்தத்தில் தெரியாதபடி பிடித்துப் பழகுங்கள். முடித்ததும் ஏதாவது ஒரு கட்டையை அமுக்கி, உள்ளே தங்கிய காற்றை முழுக்க வெளியே விட்டு, அப்புறம் ஸ்டாப்புகளை மூடுங்கள்.